சாட்சியில் சொன்ன பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

என் பொடி வியாபாரத்துக்கு வெப்சைட் தொடங்க, ஜெபித்து ‘மோரியா மசாலா’ என்று பெயர் தேர்ந்தெடுத்தேன். சின்னப் பெயர், யாரும் தப்பில்லாமல் அடிக்கலாம். பதிவு செய்யும் முன்பே, “கர்த்தர் கொடுத்த பெயர்” என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் யாரோ அதை வாங்கியிருந்தார்கள். அதே சபைக்கு வரும், ஊறுகாய் விற்கும் லோயிஸ் அக்காதான் என்று நினைத்து, பேச்சையே நிறுத்தினேன்.

நேற்று அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“எதுக்குடி மூஞ்சிய திருப்பிக்கிறே? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வாங்காம உக்காந்திருந்தே. வேற எவனாச்சும் தூக்கிருவான்னு உனக்காக நாந்தான் வாங்கி வச்சேன். கிறிஸ்மஸுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன், லூசு!”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அம்மா, கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். வெறுங்கையோடு அக்கா வாசலில் நிற்க வெட்கமாக இருக்கிறது. இந்தக் காலனியில் தமிழில் என்னைத் திட்ட அவர்கள் ஒருவர்தான்.

இவர் டியூட்டி முடிந்து வந்துவிட்டார்.

உங்கள் ஜெமிமா