டாங்கியில் இருந்த நீலப் பெட்ரோல்

ராகலை
14.07.2024

அன்புள்ள மாப்பிள்ளை கஜேந்திரன் அவர்களுக்கு,

மாமா அழகுமுத்து எழுதிக்கொள்வது. இங்கே வினோதா சுகமாக இருக்கிறாள். ஆறாம் மாதம் நடக்கிறது. போன கிழமை கிளினிக்கில் பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்களாம். காலில் மட்டும் கொஞ்சம் வீக்கம். மழை விட்டபாடில்லை, லயத்து வீட்டுக்கு ஏறும் பாதை சேறாகிக் கிடக்கிறது. வத்தளை வெக்கை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஸ்டோர்ஸிலேயே சாப்பாடு தருகிறார்களா?

இதையெல்லாம் போனிலேயே கேட்டுவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தேனே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முறையும் வேறொன்று சொல்லத்தான் எடுத்தேன். நீங்கள் பழைய மரியாதையோடு "சொல்லுங்க மாமா" என்றதும், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, ரிஸ்வி முதலாளி நுவரெலியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற அந்தக் குட்டி ஏடிவி, நாலு சில்லு வண்டி, அதன் இஞ்சின் இறுகியது உங்களால் இல்லை. என்னால்.

சீசனுக்கு முன்னால் அதன் மேல்பாகத்தைக் கழற்றிப் புதுப் பிஸ்டன் போட்டோம். நீங்கள்தான் டோர்ச் பிடித்தீர்கள். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடம் காட்டி, தேசிக்காய் நசுக்கிவிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த அவசரத்தில், பிஸ்டனின் பின் நழுவாமல் பிடிக்கும் லொக் கம்பி இரண்டில் ஒன்று கை தவறி விழுந்து மண்ணில் மறைந்தது. தேடிப் பார்ப்போம், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு எடுப்போம் என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு நீங்க பாடம் எடுக்கிறீங்களா என்று எரிந்து விழுந்துவிட்டு, கழற்றிப் போட்ட பழைய லொக்கையே குறட்டால் விரித்து மாட்டினேன். பத்து இருபதுக்கு இஞ்சின் ஸ்டார்ட் ஆனது. எனக்குப் பெரிய வெற்றி.

ஏப்ரலில் நுவரெலியா முழுக்க ஜனம். ஏற்றத்தில் அந்தச் சின்னப் பிள்ளை ஓட்டிப்போகும்போது இஞ்சின் இறுகி நின்று, வண்டி பின்னால் உருண்டு, தண்ணி ஓடும் ரோட்டோரக் கானுக்குள் விழுந்தது. பிள்ளைக்கு நாடி கிழிந்து மூன்று தையல். பிள்ளையின் தகப்பன் கத்தினார், ரிஸ்வி முதலாளி என்னைப் பார்த்தார். ஒயில் கலக்காத பெட்ரோல் ஊத்தினா இஞ்சின் இறுகத்தான் செய்யும் என்றேன். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. ஒயில் கலப்பது யார் வேலை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், சொல்ல என்ன அவசியம்? அந்த நேரமே என் மனசு பழைய லொக்கைத்தான் நினைத்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். லொக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாமனாரை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டீர்கள். அன்றைக்கே உங்கள் வேலை போனது, வத்தளை ஸ்டோர்ஸுக்குப் போனீர்கள்.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாது. பின்னேரம் எல்லாரும் போன பிறகு டாங்கியைத் திறந்தேன். பெட்ரோல் நல்ல நீலமாக இருந்தது. நீங்கள் அளந்து கலந்த ஒயிலின் நிறம். முதலாளி கண்ணில் படுவதற்குள் அதைக் கானில் ஊற்றி, டாங்கியைக் கழுவி வைத்தேன். மறுநாள் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினால், சிலிண்டரின் உள்ளே ஒரு பக்கத்தில், லொக் வரும் இடத்துக்கு நேரே, ஆழமாக ஒரு கோடு கிழித்திருந்தது. லொக்கில் பாதியைக் காணவில்லை. யாரிடமும் காட்டவில்லை. அவசரத்தில் செய்த பிழையை யாரும் மன்னிப்பார்கள். அந்தப் பெட்ரோலைக் கானில் ஊற்றினேனே, அது அவசரத்தில் செய்ததில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அதே இஞ்சினைத் திரும்பப் பூட்டினேன். ஹட்டனில் லேத்துக்குக் கொடுத்து சிலிண்டரைப் பெரிசாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் எடுத்தேன். இந்த முறை இரண்டும் புது லொக். உட்கார்ந்துவிட்டதா என்று நகத்தால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கிளினிக் முடிந்து, எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த வினோதா பக்கத்தில் நின்று பார்த்தாள். இவ்வளவு பொறுமையா செய்றீங்களே அப்பா, அந்த மனுசனுக்கு ஒயிலை அளந்து ஊத்தக்கூட மனசு வரலையே, நாளைக்கு நம்ம புள்ளைய எப்படி நம்பிக் குடுக்கிறது என்றாள்.

அவள் ஏன் உங்கள் போனை எடுப்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. பிஸ்டன் கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்ரோலை ஊற்றியதையும் சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தேத்தண்ணி ஊற்றி வைக்கிறாள், அப்பா என்று கூப்பிடுவதில்லை. உங்களிடம் பேச அவளுக்கும் முகமில்லை போல. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு இஞ்சினோட போயிருக்கும், ஒரு நல்ல மனுசனையில்ல அனுப்ப வச்சிட்டீங்க என்றார். உங்கள் வேலை உங்களுக்காக இருக்கிறது. அவரே போன் பண்ணுவார்.

மாப்பிள்ளை, வினோதாமேல் கோபப்படாதீர்கள். தகப்பன் சொல்லை நம்பியது அவள் குற்றமா? வந்து அவளைப் பாருங்கள். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது. டிக்கோயாவில் என் தங்கச்சியிடம் பேசிவிட்டேன். நீங்கள் வருகிற நாளைச் சொன்னால் முதல் நாளே அங்கே போய்விடுவேன். வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் இருங்கள். பிள்ளை பிறந்த பிறகு, உங்களுக்கு மனசு வந்தால், கூப்பிடுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஆசீர்வாதம் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வாருங்கள், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
அழகுமுத்து