ஒற்றைக் காலில் நிற்கும் அப்பா

அன்புள்ள சிக்னல் மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம் என்று எழுத வந்து, அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டுப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோன் இப்போதெல்லாம் அப்பாவின் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. குளிக்கும்போதுகூட ஜன்னல் கட்டையில் வைத்துக்கொள்கிறார். வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களாம்.

பழைய சைட் முடிந்து நீங்கள் அந்த ஊருக்குப் போன பிறகு அப்பாவுக்கு வேலை எதுவும் அமையவில்லை. ஒரு கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கப் போனார், மதியத்துக்குள் திரும்பிவிட்டார். பிறகு ஒரு குடியிருப்பில் வாட்ச்மேன். கேட்டைத் திறந்து மூட இவ்வளவு பெரிய ஆள் எதற்கு என்று அவர்களிடமே கேட்டுவிட்டு வந்துவிட்டார். "உங்க அனுபவத்துக்கு ஏத்த வேலை எங்ககிட்ட இல்லையே" என்று சில இடங்களில் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்களாம். அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே, "கீழ எத்தனையோ வேலை கிடக்கு, ஏதாவது ஒண்ணைப் பிடிச்சா என்ன?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான். அது தரையில இல்லையே" என்றார் அப்பா.

நீங்கள் எனக்கு வைத்த 'லைப்ரரி' என்ற பெயருக்கேற்ப, நூலகத்திலிருந்து வேலை தேடுவது பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். முதலில் உங்கள் திறமைகளை எழுதுங்கள் என்று அதில் இருந்தது. அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். "கிரேன் ஓட்டுவேன்னு எழுது" என்றார். அது ஒரு வரிதானே ஆகிறது, விவரமாகச் சொல்லுங்கள் என்றேன். தொங்குகிற சுமை ஆட ஆரம்பித்தால் இழுத்துப் பிடிக்கக் கூடாது, அது போகிற பக்கமே கொஞ்சம் கூடப் போனால் அடங்கிவிடும் என்றார். நீங்கள் கீழிருந்து வாக்கி-டாக்கியில் "மச்சான், பூ மாதிரி" என்று சொன்னால், எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியுமாம். இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை, மாமா.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

போன மாதம் அப்பா நாற்காலிமேல் ஏறித் திரைச்சீலை மாட்டினார். நான் கீழே நின்று கம்பியை நீட்டினேன். அதை வாங்கக் குனிந்து பார்த்தவர், பார்த்தபடியே சரிந்து கட்டில்மேல் விழுந்தார். எழுந்து சிரித்துக்கொண்டே, நாற்காலி சரியில்லை என்றார். அவர் போன பிறகு நாற்காலியை ஆட்டிப் பார்த்தேன். நான்கு கால்களும் நன்றாகவே இருந்தன.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே வருகிறார். ஷூ கட்டக் குனிவதில்லை, காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக் கட்டுகிறார். மேலே பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. "அப்பா, அதோ விமானம்" என்று பலமுறை காட்டிச் சோதித்துவிட்டேன். விமானம் இல்லாதபோதும் காட்டினேன். "முதல்ல உன் கண்ணை டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். கீழே பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. கேபினில் காலடியில் கண்ணாடி இருக்கும், நாள் முழுக்க அதன் வழியாகக் கீழே பார்த்தபடிதான் வேலை என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்.

இது காதுக்குள் ஏற்படும் கோளாறாகவும் இருக்கலாம், மருந்து உண்டு என்று படித்தேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். "அவர் ஒரு சீட்டு எழுதிட்டா அப்புறம் எவனும் என்னை மேல விடமாட்டான்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "வாயைக் கழுவு" என்றாள். ஆனால் அன்று ஒரே சட்டையை இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டிடம் வருகிறது. அங்கிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். டவர் கிரேன் வேலை. அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உடல் பரிசோதனையில் தேறினால் போதுமாம். அதில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்களாம்.

அதனால் போன வாரம் முழுக்க எங்கள் கூடத்தில் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். "இந்த வேலைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்கன்னு சொல்வாங்க. உங்கப்பா நிஜமாவே நிக்கிறாரு பாரு" என்று அம்மாகூடச் சிரித்தாள். நான் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். "பிடிடி, பிடிடி" என்று கத்திக்கொண்டே இடது பக்கமாகச் சாய்வார். அவரை என்னால் தாங்க முடியுமா? இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். பிறகு கால் கட்டைவிரலால் தரையைக் கவ்விக்கொள்ளப் பழகினார். விழுவது குறைந்தது. வார முடிவில் அசையாமல் நின்றார். எங்கள் சிரிப்பும் நின்றுவிட்டது. ஒருவர் பரீட்சையில் தோற்க வேண்டும் என்று நான் இதற்கு முன் வேண்டிக்கொண்டதே இல்லை.

நேற்று பரிசோதனை. துணைக்கு நானும் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. தலைசுற்றல் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். "சாப்பிடாம இருந்தா உங்களுக்கும்தான் சுத்தும், டாக்டர்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். கதவுவரை போய், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா கண்ணை மூடி நின்றார். தேறிவிட்டார். வெளியே வந்து என் தலையில் கை வைத்து, "எல்லாம் உன் டிரெய்னிங்தான்டி" என்றார். படி இறங்கும்போது அந்தக் கை என் தோளுக்கு வந்து இறுக்கிப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. தெருவுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை.

கிரேனைப் பாகம் பாகமாகப் பூட்டி முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். என் வகுப்பு ஜன்னலிலிருந்து அது தெரிகிறது. நாளுக்கு நாள் உயர்கிறது. ஆசிரியை கரும்பலகையில் எழுதுவது எதுவும் எனக்குள் போகவில்லை.

மாமா, உங்கள் வேலையை அப்பா செய்ய முடியாதா? கீழே நின்று, மேலே பார்த்து, கேபினில் இருப்பவருக்கு வழி சொல்வதுதானே? அங்கே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அப்பாவைவிட யாருக்குத் தெரியும்? நான் சொன்னதற்கு, "அவன் இடத்துல நான் நிக்கறதா? உன் மாமனே சிரிப்பான்" என்றார். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் சைட்டில் சிக்னல் சொல்ல நம்பிக்கையான ஆள் இல்லை, மச்சான் வந்தால்தான் ஆகும் என்று கூப்பிடுங்கள். எங்களுக்காகக் கூப்பிட்டால் வரமாட்டார். உங்களுக்காக என்றால் வருவார். வந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எதற்கும் மசியவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டிவிடுங்கள். என்மேல் பயங்கரமாகக் கோபம் வரும். என்னோடு பேசமாட்டார். பரவாயில்லை மாமா, வருடக்கணக்கில் பேசாமல் இருக்கட்டும். இருக்கட்டும்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மருமகள் 'லைப்ரரி'