அஞ்சரை பாய்க்கு ஒரு கார்டு

பாய், அந்த வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

நேற்று உங்கள் வீட்டம்மா ஆட்டோவில் வந்து இரண்டு செருப்பு டப்பாக்களை என் மேஜைமேல் வைத்தார். "அவரு போயி ஒரு வருசம் ஆச்சு டீச்சர். எங்களுக்கு இது இன்னான்னே புரியல. உங்ககிட்ட இருந்தா அவருக்கு சந்தோசமா இருக்கும்" என்றார். மூடியைத் திறந்ததும் மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் நெடி குப்பென்று அடித்தது. கீழ்க்கட்டளையில் உங்கள் ரீவைண்டிங் கடைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. உள்ளே நாடுநாடாக உங்களுக்குத் தபாலில் வந்த கார்டுகள். பாதிக் கார்டுகளில் உங்கள் கட்டைவிரல் கறை இருக்கிறது.

தாம்பரத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற எனக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற உங்களுக்கும், வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு பேசுகிற இந்த ஹாம் ரேடியோ இல்லாவிட்டால் ஏது பழக்கம்? தினமும் காலை ஆறரை மணிக்கு, என் வீட்டில் பால் பொங்குவதற்கும் உங்கள் கடை ஷட்டர் ஏறுவதற்கும் நடுவில், பத்து நிமிஷம் பேசுவோம். பெரிதாக ஒன்றுமிருக்காது. நேற்று எந்த நாடு கிடைத்தது, ஜப்பான்காரர் குரல் எப்படிக் கேட்டது, ஜி.எஸ்.டி. ரோட்டில் மழைத் தண்ணீர் வடிந்ததா இல்லையா, இப்படித்தான்.

சண்டைதான் பெரிது. ஒரு நாட்டுக்காரரோடு ரேடியோவில் பேசினால் போதாது. பேசியது உண்மை என்று அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு உங்களுக்குத் தபாலில் கார்டு வேண்டும், ஒரு வருஷம் கழித்து வந்தாலும் சரி. எனக்கு இணையப் பதிவேடு போதும். பேசிய இருவரும் தனித்தனியாக ஏற்றிய நாளும் நேரமும் அலைவரிசையும் ஒத்துப்போனால் திரையில் 'உறுதி' என்று வந்துவிடும்.

"இன்னா டீச்சர், அவன் கையெழுத்தப் பாக்காம, ஸ்டாம்ப தொட்டுப் பாக்காம, அது இன்னா உறுதி?"

"உங்க கார்டு வந்து சேர்றதுக்குள்ள நான் ரிடையரே ஆயிடுவேன் பாய்."

நூறு நாடுகளை உறுதி செய்தால் ஒரு சான்றிதழ் உண்டு. அதை யார் முதலில் வாங்குவது என்று பந்தயம் கட்டினோம். நான் தோற்றால் கையால் கார்டு எழுத வேண்டும். நீங்கள் தோற்றால் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். நான் தொண்ணூற்றொன்பதை எட்டிவிட்டு, ஏதாவது ஒரு தீவுக்காரர் கிடைப்பாரா என்று தவம் கிடந்தேன். ஒருநாள் சாயங்காலம் உங்கள் கடையில் என் பட்டியலைக் காட்டிப் பீற்றிக்கொண்டபோது, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தீர்கள்.

"டீச்சர், இதுல இந்தியா எங்க கீது?"

எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. சொந்த நாடும் ஒரு நாடுதான், அதுவும் சேர்த்தி. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. ஸ்டூலிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தீர்கள். பிறகு, ஒரு சந்தேகத்துக்கு, உங்கள் செருப்பு டப்பாவைத் திறந்து நீங்களும் எண்ணினீர்கள். சிரிப்பு நின்றது. உங்களுக்கும் தொண்ணூற்றொன்பதுதான். இந்தியா இல்லை! உலகமெல்லாம் கார்டு அனுப்பிய மனுஷர், தினமும் காலையில் பேசுகிற எனக்கு ஒன்று அனுப்பவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்?

வேறு யாரிடமாவது வாங்கியிருக்கலாம். நம் ஊரில் ஹாம்களுக்கா பஞ்சம்? ஆனால் என் இந்தியா நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. உங்களுக்கும் அதே பிடிவாதம். "நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துங்க" என்று நான். "நீங்க கார்டு எழுதுங்க" என்று நீங்கள். இரண்டு வாரம் காலைப் பேச்சு முழுக்க இதுதான்.

நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு வழக்கம்போல் பேசி முடித்துவிட்டோம். பகல் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் உங்கள் குரல். குன்றத்தூர் மலையடிவாரத்தில் யாருக்கோ பம்பு மோட்டார் மாட்டப் போனவர், உயரத்திலிருந்து பேசினால் எப்படிக் கேட்கும் என்று கைரேடியோவோடு படியேறிவிட்டீர்கள். "இங்கேர்ந்து உங்க ஊரு பச்சமலை தெரியுது டீச்சர்! உங்க வூடு அதுக்கு முன்னாலயா பின்னாலயா?" மூச்சு வாங்கிக்கொண்டு, அவ்வளவு குதூகலமாகப் பேசினீர்கள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை நான் பதிவேட்டில் ஏற்றவேயில்லை.

இரண்டு நாள் கழித்து என் வீட்டு கேட்டில் வந்து நின்றீர்கள். மேடவாக்கம் பிரவுசிங் சென்டரில் ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டி, என்னோடு பேசியதை ஏற்றிவிட்டீர்களாம். அத்தாட்சிக்கு நாலாக மடித்த பிரிண்ட் அவுட். நீங்களே இறங்கி வந்துவிட்டீர்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் என் திரையில் 'உறுதி' வரவில்லை. காகிதத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிறு, நேரம் 06:30.

"ஐயோ பாய்! ஆறரை நம்ம கடிகாரம். நாம எழுத வேண்டியது உலக நேரம். நாம அஞ்சரை மணி முன்னால போறோம். அப்ப காலை ஆறரைன்னா 01:00 தானே?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். காகிதத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் சிரித்துவிட்டு, "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். மறுபடி அந்தப் பேஜாரு வேணாம், ஆள வுடுங்க" என்றீர்கள்.

எனக்கு மனசு இளகிவிட்டது. பள்ளிக்கூடச் சார்ட் பேப்பரைக் கார்டு அளவுக்கு வெட்டி, பச்சைமலையை வரைந்து, அந்த ஞாயிறு காலை பேசியதை எழுதிக் கொடுத்தேன். நீங்களும் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தீர்கள். "இதுலயாவது நேரத்தச் சரியா எழுதுங்க" என்றேன். நல்ல பிள்ளையாக 01:00 என்று எழுதினீர்கள். இருவருக்கும் ஒரே நிமிஷத்தில் நூறு. பந்தயத்தில் இருவருமே தோற்றதற்கு உங்கள் வீட்டில் பிரியாணி.

அன்று முதல் உங்களுக்கு 'அஞ்சரை பாய்' என்று பேர் வைத்தேன். ஹாம்கள் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரிப்பீர்கள்.

நேற்று டப்பாவின் அடியில் உங்கள் பதிவு நோட்டு இருந்தது. அந்த ஞாயிறைத் தேடினேன். இரண்டு வரிகள். முதல் வரி: 01:00, டீச்சர், காலை. இரண்டாவது வரி: 06:30, டீச்சர், குன்றத்தூர் மலை.

உலக நேரம் ஆறரை என்றால் நம் பகல் பன்னிரண்டு. நோட்டு முழுக்க ஒரு நேரம்கூடத் தப்பில்லை. ஏற்றத்தான் ஏற்றுகிறோம், தினப்படிப் பேச்சு வேண்டாம், மலை உச்சியிலிருந்து பேசியதே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். கணக்குப் போடத் தெரியாதவள் நான். அத்தனை வருஷம் அத்தனை பேர் முன்னால் கிண்டல் செய்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாய்? வெட்கமாக இருந்தது. அதைவிட, சிரிப்பாக வந்தது.

உடனே பதிவேட்டைத் திறந்து, நான் அன்று ஏற்றாமல் விட்ட பகல் பன்னிரண்டு மணிப் பேச்சை ஏற்றினேன். உங்கள் ஒற்றை விரல் தட்டிய வரி இத்தனை வருஷமும் அங்கேயே காத்திருந்திருக்கிறது. சிறிது நேரத்தில் திரையில் 'உறுதி' என்று வந்தது. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "யாரு கிடைச்சாங்க?" என்று கேட்டார். "பாய்" என்றேன்.

இன்று காலை ஒரு சார்ட் பேப்பர் வாங்கிவந்து வெட்டினேன். இந்த முறை குன்றத்தூர் மலையை வரைந்து, உச்சியில் உங்களை ஒரு புள்ளியாக வைத்தேன். உங்கள் டப்பாவில் இந்தியாவுக்கு என்னுடைய பழைய கார்டு ஒன்றுதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் இதைச் செருகிவைத்திருக்கிறேன். நேரம் என்ற இடத்தில் 06:30 என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.