மேற்கே போன கீழத்தெரு

அன்புள்ள பாபாவுக்கு,

துர்கா பூஜைக்குக் கேரளத்திலிருந்து வரும்போது, பஸ்ஸை விட்டிறங்கிப் பழைய ஞாபகத்தில் கிழக்கே நடந்துவிடாதீர்கள். உங்களுக்கு நீச்சல் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. நம் கீழத்தெரு முழுவதும் இப்போது மேலத்தெருவுக்கும் மேற்கே, சணல் வயலோரம் வந்துவிட்டது.

அம்மாவும் பசுவும் நலம். பலாமரத்தை மட்டும் விசாரிக்காதீர்கள்.

ஆற்றங்கரை கரைந்தது போதாதென்று மேலத்தெரு ஹாராதன் காகாவும் கரைந்தார்: “மேற்க வந்துட்டு கீழத்தெருன்னா ஊரே சிரிக்கும்டா. பேரை விட்டுட்டு எங்க பூஜையிலயே சேந்துக்குங்க.”

“சூரியன்கூடத்தான் தினம் மேற்க வருது காகா. பேரை மாத்திக்குதா?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “பேரையாவது ஆறு தின்னாம பாத்துக்கடா” என்றாள்.

அன்றே பலகை எழுதிவிட்டேன்: ‘கீழத்தெரு துர்கா பூஜை’. இந்த வருஷமும் நம் பூஜை நம் தெருவில்தான். யார் சொன்னாலும் மாற்றமில்லை.

பலகைக்கு எங்கே போனேன் என்கிறீர்களா? நம் வாசல் கதவுதான். அதற்கு இப்போது வேறு வேலை இல்லை. கூடாரங்களுக்கு நடுவே அது நிற்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். தட்ட வேண்டாம், சுற்றிக்கொண்டு வரலாம்.

உங்கள்
வால்