ஏழாம் குழாய்க்குப் பன்னிரண்டு வாளி

மார்ச் 4
ஏழாம் குழாய் இந்த முறையும் சுத்தம். மூடிப்போன ஆலை புதைத்துவிட்டுப் போன ரசாயனப் பீப்பாய்களைத் தோண்டி எடுத்து இரண்டு வருடமாகிறது. மண்ணுக்குள் இறங்கிய விஷம் எதுவரை பரவியிருக்கிறது என்று, சுற்றிலும் பூமிக்குள் இறக்கிய பத்துக் குழாய்களில் நிலத்தடி நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. ஏழாவது குழாய் அக்கா வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. மதியம் அங்கேதான் சாப்பாடு. முடிவுத்தாளைக் காட்டினேன்.

"ஆனா எங்க கிணத்துத் தண்ணி லேசா இனிக்குதுடி."

"உன் நாக்குக்கு எப்பவும் ஒரு குறை வேணும்க்கா" என்று சொல்லிவிட்டு, என் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

மார்ச் 19
அத்தானுக்குப் பசியே இல்லையாம். "தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 2
ஆய்வகத்திலிருந்து போன். "ஏழுல எத்தனை வாளி இறைச்சீங்க? எழுதவே இல்லையே."

பன்னிரண்டு என்று வாய் சொல்லிவிட்டது. பொய்.

குழாயில் தேங்கி நிற்கும் நீரிலிருந்து விஷம் காற்றோடு போய்விடும். அதைப் பன்னிரண்டு வாளி இறைத்துவிட்டுப் புதிதாக ஊறுவதைத்தான் பிடிக்க வேண்டும். மற்ற குழாய்களுக்குக் கால் மணி நேரம் போதும். ஊறுவதில் ஏழு மட்டும் கஞ்சன், ஒன்றரை மணி நேரம் ஆகும். வெயில் வேறு. அக்கா வேறு சாப்பாடு ஆறுது என்று கூப்பிடுவாள். மேல் தண்ணீரை மொண்டு மூடிவிடுவேன். ஒரு தடவையா, மூன்று தடவை. சோம்பேறி நாய்.

ஏப்ரல் 3
யாருக்கும் சொல்லாமல் போய்ப் பன்னிரண்டும் இறைத்தேன். அத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது.

கிணற்றுத் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 11
முடிவு வந்தது. வரம்பைவிடப் பதினாறு மடங்கு.

மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "விஷம் இப்பதான் வந்து சேர்ந்திருக்குன்னு எழுதிடலாம். பழசக் கிளறாதீங்க. உங்களுக்கும் நல்லது."

எனக்கு நல்லதுதான். ஆனால் அத்தான் எத்தனை நாளாகக் குடித்தார் என்று மருத்துவர் கேட்பாரே — ஒரு மாதம் என்று சொல்லவா?

ஏப்ரல் 12
எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று முடிவும் செல்லாது, தவறு என்னுடையது.

அக்காவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"நீ என்னிக்காவது எங்க வீட்டுத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிருக்கியா?"

இல்லை. எங்கே போனாலும் என் பாட்டில்தான். தொழில் பழக்கம்க்கா, சத்தியமா வேற ஒண்ணுமில்லக்கா — இதை இங்கே எழுதி என்ன பிரயோஜனம்? அங்கே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 6
தெருவுக்கு லாரித் தண்ணீர் வருகிறது. அக்கா போனை எடுப்பதில்லை. அத்தானுக்கு ஈரல் பாதிக்கு மேல் போய்விட்டதாம். தண்ணீரால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மே 23
அத்தான் போய்விட்டார்.

ஜூன் 10
வேலை போகவில்லை. நான் நீர் எடுக்கும்போது வெளியாள் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. ஏழாம் குழாய்க்கு அக்கா தன் பெயரைக் கொடுத்திருந்தாள்.

படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. வாளி வாளியாக இறைத்துப் கழிவுப் பீப்பாயில் ஊற்றினேன். தோள் விட்டுப்போனது. போதும் என்று, ஆய்வகத்துக்கு நீர் பிடிக்கும் பாட்டிலை எடுத்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

இறைத்தேன்.