எதிர்ப்புறக் கிடங்கின் மூன்றாவது சாவி

அனுப்புநர்:
இரும்புச் சாமான் கடை உரிமையாளர்,
அரசு அவசரகாலக் கிடங்கிற்கு எதிர்ப்புறம்,
ஆற்றங்கரைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
தேசியப் பேரிடர் மேலாண்மைத் துறை,
தலைமைச் செயலகம், தலைநகர்.

பொருள்: வெள்ளத்தின்போது கிடங்கைத் திறக்கவிட்ட காவலரின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும், கிடங்கின் சாவி ஒன்றை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பூட்டு, கயிறு, குழாய், தார்ப்பாய் விற்பவன். தள்ளுவண்டியில் ஆணி விற்று ஆரம்பித்து இன்று இரண்டு ஷட்டர் வைத்த கடைக்கு வந்திருக்கிறேன். சரக்குக்கு ஆர்டர் எழுதித்தான் பழக்கம், மனு எழுதிப் பழக்கமில்லை. நடை பிசகினால் பொறுத்தருளவும்.

2. சென்ற வெள்ளத்தின்போது தங்கள் துறையின் கிடங்குப் பூட்டை அறுத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் துறையின் அறிக்கையில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். என் வழுக்கையைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள், ஐயா. பட்டப்பகலில், தெருவே பார்த்திருக்க, என் கடையின் கட்டர் இயந்திரத்தால் அறுத்தேன். என் வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொள்ளுமாறு இருமுறை வட்டார அலுவலகத்திற்குப் போனேன். "உங்களை யாரும் கேக்கலையே, ஏன் நீங்களா வந்து மாட்டிக்கிறீங்க?" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

3. நடந்தது இதுதான். அன்று காலை முதல் ஆறு ஏறிக்கொண்டிருந்தது. மதியத்திற்குள் பாலம் மூழ்கியது. எங்கள் தெருக்கோடியில் உள்ள மகப்பேறு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. தாய்மார்களையும் சிசுக்களையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். ஆனால் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் மின்சாரம் முழுவதும் கீழ்த்தள ஜெனரேட்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர் அதை நெருங்கிக்கொண்டிருந்தது. இறைக்க பம்பு வேண்டும். பம்புகளும் படகுகளும் எங்கள் கண்ணெதிரே, தங்கள் கிடங்கில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தன.

4. சாவி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வட்டார அலுவலரிடம் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாலத்தின் மறுமுனையில் அவர் குடையோடு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பக்கத்துச் செல்போன் கோபுரம் செயலிழக்கும்வரை தலைநகருக்குப் போன் போட்டுக்கொண்டேதான் இருந்தாராம். காரணம், சாவி கையில் இருந்தாலும் அவர் திறக்கக்கூடாது. இது பேரிடர்தான் என்று தலைநகர் அறிவிக்க வேண்டும். அறிவிக்க, ஆய்வுக் குழு வந்து பார்த்து எழுத வேண்டும். குழு வர, சாலை வேண்டும். சாலை தண்ணீருக்குள் கிடந்தது.

இந்த நேரத்தில்தான் தெருவில் இருந்த அத்தனை போனும் ஒன்றாக அலறின. "கனமழைக்கு வாய்ப்புள்ளது, பாதுகாப்பான இடத்தில் இருக்கவும்" என்று தங்கள் துறையின் செய்தி. இடுப்பளவு தண்ணீரில் நின்று படித்தோம். அந்த நிலைமையிலும் பழக்கடைக்காரம்மா, "நல்லவேளை, இப்பவாவது சொன்னாங்களே, இல்லாட்டி நனைஞ்சிருப்போம்" என்றார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரித்துவிட்டு கட்டரை எடுக்கப் போனேன்.

5. கிடங்கின் காவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் விசிலோடு சுற்றுவதால் தெருவில் அவருக்கு விசில்காரர் என்றே பெயர். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. கிடங்கு வாசலில் என் லாரியை ஒருநாள்கூட நிறுத்தவிட்டதில்லை. சரக்கு இறக்கும் அவசரத்தில் ஓரமாக ஒதுக்கினால்கூட விசில் ஊதிக்கொண்டு ஓடி வருவார். "அவசரத்துக்குத் தொறக்கிற கதவு இது, மறைக்காதே" என்பார். அந்த வாசலை இத்தனை காலம் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த மனிதருக்கு, அவசரம் வந்தபோது திறக்கச் சாவி இல்லை.

நான் இயந்திரத்தோடு போனதும் வழிமறித்தார். மருத்துவமனைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் நலம் கருதி, "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, பார்க்கலைன்னு சொல்லிக்கலாம்" என்று யோசனை சொன்னேன். வியாபாரி புத்தி. அதற்கு அவர் சொன்னதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே சொல் மாறாமல் எழுதுகிறேன்: "பார்க்கத்தான்யா எனக்குச் சம்பளம். பார்த்துக்கிட்டே இருக்கேன். நீ அறு."

பிறகு விசாரணையிலும் அதையே மாற்றாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுதான் இப்போது அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு.

6. உள்ளே போனால் பம்புக்கு டீசல் இல்லை. குழாயின் வாய் ஓர் அளவு, பம்பின் வாய் வேறு அளவு. வாங்கியவர் இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் கடையிலிருந்து டீசலும் இணைப்பும் கொண்டுபோய்ப் பொருத்தி, பம்பைப் படகில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஜெனரேட்டர் நிற்கவில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த குழந்தைகள் எல்லோரும் பிழைத்தார்கள். அவர்களில் யாரும் எனக்கு உறவில்லை.

என் கடைச் சரக்கைக் காப்பாற்றத்தான் பூட்டை அறுத்தேன் என்று ஒரு பேச்சும் உலவுகிறது. என் கிடங்கறையில் இருந்த சிமெண்ட் மூட்டைகள் எல்லாம் பாறையாகிவிட்டன. அவற்றையே கடை வாசலில் படியாகப் போட்டிருக்கிறேன். தாங்கள் வந்தால் அதன்மேல் ஏறித்தான் உள்ளே வர முடியும்.

7. தண்ணீர் வடிந்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் திருப்பி வைத்தோம். ஒரு துடுப்பு மட்டும் ஆற்றோடு போய்விட்டது. பதிலுக்கு என் கடையிலிருந்து நல்ல துடுப்பு கொடுத்தேன். அரசு முத்திரை இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார்கள். அதன்பின் கிடங்கைத் திறக்கத் தலைநகரின் அனுமதி வந்தது. கிடங்கைத் திறக்கவிட்ட காவலருக்குப் பணியிடை நீக்க உத்தரவும் வந்தது. இரண்டும் ஒரே தபால் பையில் வந்தன.

(இங்கே மறுபடியும் மழை பிடித்திருக்கிறது. இந்த இடத்தில் எழுந்து போய், கடைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் இருந்ததைவிட ஏறியிருக்கிறது. என் மனைவி, "நீங்க போய்ப் பார்க்கிறதால அது எறங்கிடாது, உட்கார்ந்து எழுதி முடிங்க" என்கிறார். நியாயம்தான். ஆனாலும் உட்கார முடியவில்லை.)

8. ஐயா, நாட்டை நடத்துவது கடை நடத்துவது போல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் சரக்கு விற்பவனுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் இல்லாத நேரத்தில் என் மனைவி கடை திறப்பார். அவரும் இல்லையென்றால் கணக்கர் திறப்பார். என்ன எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பிறகு கேட்பேன், குடைந்து குடைந்து கேட்பேன். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது கேட்க மாட்டேன். தாங்களும் கேளுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு கேளுங்கள். பாலத்தின் தூணில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் காவலர் யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்று ஓர் உத்தரவு போதும். பெயிண்ட் நான் தருகிறேன்.

9. விசில்காரரின் இறுதி விசாரணை வரும் வாரம் என்று சொல்கிறார்கள். வேலை போனால் அவருடைய ஓய்வூதியமும் போகும். இப்போது அவர் தினமும் என் கடைப் படியில் உட்கார்ந்து எதிரே இருக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விசிலைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்கள். யாராவது அந்த வாசலில் வண்டி நிறுத்தினால் இங்கிருந்தே கை தட்டி விரட்டுகிறார். பூட்டை அறுத்ததற்குத் தண்டனை உண்டென்றால் அது எனக்குரியது. அறுத்த பூட்டின் பாதி என்னிடம் இருக்கிறது, சாட்சியாகக் கொண்டுவருகிறேன்.

10. கடைசியாக ஒன்று. அறுத்த பூட்டுக்குப் பதிலாக, என் கட்டராலும் அறுக்க முடியாத புதுப் பூட்டு ஒன்றைத் தங்கள் துறை வாங்கியது. என் கடையில்தான் வாங்கியது. அந்தப் பூட்டுடன் மூன்று சாவிகள் வரும். வாங்க வந்த எழுத்தர் இரண்டை எடுத்துக்கொண்டு, "ஆர்டர்ல ரெண்டு சாவின்னுதான் போட்டிருக்கு. மூணாவதை நான் எந்தக் கணக்குல காட்டுறது?" என்று மீதியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்ட இரண்டில் ஒன்று தலைநகரிலும் மற்றொன்று ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இருக்கின்றன. மூன்றாவது என் கல்லாப்பெட்டியில் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டதிலிருந்து அதைப் பார்க்காமல் என்னால் கல்லாவைத் திறக்க முடியவில்லை. அரசாங்கக் கதவின் சாவி என்னிடம் இருப்பது முறையல்ல. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் என்னால் ஆகாது.

ஆகவே அந்தச் சாவியை இம்மனுவுடன் இணைத்துள்ளேன். தாங்கள் அதை எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள். காட்டிவிட்டு, விசில்காரரை வேலையில் சேர்த்து, பாலம் மூழ்குவதற்கு முன் அவர் கையில் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் எங்கே இருப்பார் என்று தேட வேண்டியதில்லை. என் கடைப் படியில்தான் இருப்பார்.

பதில் வரும்வரை கடை திறந்திருக்கும்,

(கையொப்பம்)
எதிர்க்கடைக்காரன்

இடம்: கடை, ஆற்றங்கரைச் சாலை.
நாள்: திங்கட்கிழமை, மழை தொடங்கிய வாரம்.

இணைப்பு: சாவி – ஒன்று.