பக்கத்துக் கட்டில்காரரின் பில்

14 மார்ச் 1991, வியாழன், கிள்ளான், மலேசியா

குடல்வால் ஆபரேஷன் முடிந்து என் வீட்டுக்காரரை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். பக்கத்துக் கட்டில் லோரி டிரைவருக்கும் அதே ஆபரேஷன், அதே டாக்டர், அதே மூன்று நாள். புடவை விலை விசாரிப்பதுபோல் அவர் மனைவியிடம் பில்லை வாங்கிப் பார்த்தேன். எங்களுடையதைவிட எண்ணூறு வெள்ளி குறைவு.

இரண்டு பில்லையும் கவுண்டரில் வைத்தேன்.

"அவங்க கேஷ், ஆன்டி. உங்களுக்கு கம்பெனி இன்சூரன்ஸ், ரேட் வேற லா," என்றாள் கவுண்டர் பெண்.

"இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சத்தை நான்தானே கட்டணும்? இன்சூரன்ஸ் கார்டைத் திருப்பிக் குடும்மா, நானும் கேஷே கட்டுறேன்."

"மானத்தை வாங்காதே," என்று இவர் முணுமுணுத்தார். நான் நகரவில்லை. கடைசியில் மேனேஜரே வந்து பில்லைக் குறைத்து அடித்துக் கொடுத்தார். முழுவதும் இன்சூரன்சுக்குள் அடங்கிவிட்டது.

வீடு வரும்வரை இவர் டாக்சிக்காரரிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "நாங்க விடல அண்ணே."

நாங்களாம்.